வழிபடு தெய்வம்
இரண்டற்ற நெறியில் இட்டதெய்வத்தின் இடம்

காலையில் நீராடித் திருநீறணிந்து, பூசையறையில் ஒரு மூர்த்தத்தின் முன் நின்று மலர் சாத்துகிறார் ஒருவர். மாலையில் அவரே திண்ணையில் அமர்ந்து, உள்ள பொருள் ஒன்றே என்றும், அதற்கு ஊருமில்லை, பேருமில்லை, உருவுமில்லை என்றும் வேதாந்தம் பேசுகிறார். கேட்டிருக்கும் இளைஞன் உள்ளத்தே ஒரு வினா எழுகின்றது. உருவமில்லை என்று துணிந்தவருக்கு உருவம் எதற்கு? எல்லாம் ஒன்றே என்றால், அவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்து ‘இது என் தெய்வம்’ என்று கொள்வது எவ்வாறு பொருந்தும்?

நியாயமான வினாவே. இதற்கு நூல் வழியாக விடை கூறுவாரும் உளர். வாழ்க்கை வழியாக விடை கூறினாரும் உளர். யாழ்ப்பாணத்து நல்லூரிலே இரண்டாவது வகையினர் வாழ்ந்தனர். அவர்களை அணுகுமுன், இட்டதெய்வம் என்னும் சொல்லின் பொருளைச் சிறிது ஆராய்வோம்.

இட்டமும் வழிபாடும்

‘இஷ்டம்’ என்னும் வடசொல்லுக்கு விரும்பப்பட்டது என்பது யாவரும் அறிந்த பொருள். அதற்கு மற்றொரு பொருளும் உண்டு. வேள்வி செய்தல், வழிபடுதல் என்னும் கருத்தினதாகிய வேறொரு வினையடியிலிருந்தும் அதே சொல் பிறக்கும். அப்போது அது வழிபடப்பட்டது எனப் பொருள்படும். விருப்பமும் வழிபாடும் ஒரு சொல்லில் ஒடுங்கிக் கிடக்கின்றன.

தமிழர் இதற்கு முன்னமே ஒரு சொல் வைத்திருந்தனர். தொல்காப்பியர் புறநிலை வாழ்த்தைப் பற்றிக் கூறுமிடத்து ‘வழிபடு தெய்வம்’ என்னும் தொடரை ஆளுகின்றார். இத்தொடரில் விருப்பத்தைப் பற்றிய பேச்சே இல்லை, வழியிற்படுதலே பேசப்படுகின்றது. ஒரு தெய்வத்தை விரும்புவது எளிது. கடையிலே தொங்கும் படங்களுள் அழகிய ஒன்றைக் கண்டாலும் விருப்பம் பிறக்கும். அத்தெய்வம் காட்டும் வழியிலே தன்னைப் படுத்துவதுதான் அரிது. நாம் தெய்வத்தைத் தெரிந்துகொள்கிறோம் என்பது தொடக்கம். அதன் வழிக்கு நாம் ஆட்படுகிறோம் என்பது முடிவு. இடைப்பட்டதே சாதனை.

ஐந்து மூர்த்திகளும் ஒரு நடுவிடமும்

சங்கராசாரியர் மரபைப் பின்பற்றுவோர் பஞ்சாயதன பூசை என ஒன்று செய்வர். சிவன், திருமால், அம்பிகை, கணபதி, சூரியன் ஆகிய ஐவரையும் ஒரு பீடத்திலே வைத்து வழிபடுவது அது. தமக்கு உரிய மூர்த்தியை நடுவிலே வைப்பர். ஏனைய நால்வரையும் நான்கு மூலைகளில் வைப்பர். சிவனை நடுவில் வைத்தவர் வீட்டில் திருமால் மூலையில் இருப்பார். அடுத்த வீட்டில் திருமால் நடுவில் இருக்கச் சிவன் மூலையில் இருப்பார். இடம் மாறும், எவரும் வெளியே நிறுத்தப்படுவதில்லை. ஒன்றைத் தெரிவதென்றால் மற்றவற்றைத் தள்ளுவதன்று என்னும் உண்மையை இப்பூசை தட்டிலே வைத்துக் காட்டிவிடுகிறது.

யாழ்ப்பாணமோ சைவசித்தாந்தம் வேரூன்றிய மண். இங்கே அத்துவிதம் என்னும் சொல்லுக்கே மெய்கண்டார் காட்டிய பொருளை மேற்கொள்வர். உடலும் உயிரும் போல, வேறாயினும் பிரிக்க இயலாத நிலையையே அச்சொல் உணர்த்தும் என்பது சித்தாந்திகள் கொள்கை. முழுமுதற் கடவுள் சிவனே என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. ஆயினும், எத்தெய்வத்தை ஒருவர் வழிபடினும் அத்தெய்வமாய் நின்று அருள் செய்பவன் சிவனே என்று சிவஞான சித்தியார் இடங்கொடுத்துப் பேசுகின்றது. வேதாந்தி நடுவிடத்தை மாற்றிக்கொள்ள இசைகின்றார். சித்தாந்தி நடுவில் ஒருவனையே வைத்து, எவ்வாசலால் வருவோரையும் அவனிடம் வந்தோராகவே கொள்கின்றார். வழி வேறாயினும், பிறர் தெய்வத்தைப் பழித்தல் ஆகாது என்னும் முடிவில் இருவரும் உடன்படுகின்றனர்.

சைவர் இன்னொரு நுட்பமும் கண்டனர். எந்தத் தெய்வம் என்பதோடு, அத்தெய்வத்தோடு எந்த உறவு என்பதையும் அவர்கள் எண்ணினர். திருநாவுக்கரசர் அடிமையாய் நின்றார். சம்பந்தர் மகனாய் நின்றார். சுந்தரர் தோழராய்ப் பழகினார். மாணிக்கவாசகர் ஞானநெறியிற் கலந்தார். தாசமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் என நான்காக இவ்வுறவுகள் பேசப்படும். நால்வருக்கும் தெய்வம் ஒன்றே, நெஞ்சு நான்கு. தன் நெஞ்சு எவ்வுறவில் நெகிழும் என்று அறியாதவன் எத்தனை தெய்வங்களை மாற்றினும் பயனில்லை.

வீட்டு வளவிலிருந்து கோயில் வரை

குடாநாட்டிலே ஒருவனுக்குத் தெய்வம் வந்து சேரும் வழிகள் பல. பிறக்கும்போதே குலதெய்வம் காத்திருக்கின்றது. ஒழுங்கையின் திருப்பத்தில், ஆலின் கீழோ வேம்பின் கீழோ ஒரு சூலமாக வைரவர் நிற்கின்றார். ஊருக்கொரு பிள்ளையார் இருக்கிறார். நயினாதீவிலே நாகபூஷணி அம்மன் கடல் நடுவே அழைக்கின்றாள். இவையெல்லாம் ஒருவன் தெரிந்தவையல்ல; அவனைத் தெரிந்தவை என்றே கூறலாம். பின்னர், ஒரு நோயிலோ, இழப்பிலோ, குருவின் ஒரு சொல்லிலோ இவற்றுள் ஒன்று அவன் நெஞ்சில் ஆழமாய் ஊன்றிவிடுகிறது. அப்போதுதான் குலதெய்வம் இட்டதெய்வமாகிறது. அல்லது குலதெய்வத்துக்கு அப்பால் வேறொன்று இட்டதெய்வமாகிறது.

இம்மண்ணின் பெரிய கோயில்கள் சிலவற்றில் ஒரு விசேடம் உண்டு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் மூலத்தானத்திலே விளங்குவது வேல். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் வேலே வணங்கப்படுகின்றது. வல்லிபுர ஆழ்வார் சந்நிதானத்திலே சக்கரம் எழுந்தருளியிருக்கின்றது. ஆறுமுகமும் பன்னிரு கரமும் கொண்ட திருவுருவைத் தேடி வந்தவன், கூர்மையான ஓர் இலை வடிவத்தின் முன் நிற்கின்றான். அங்கே முகம் இல்லை; ஆயினும் யாரோ தன்னைப் பார்ப்பதுபோல உணர்கின்றான்.

நல்லூரின் பழைய ஆலயம் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. இன்றுள்ள கோயில் ஒல்லாந்தர் காலத்திலே, பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்தது. ஆகம விதிகளில் உறுதியாய் நின்ற ஆறுமுக நாவலர் (1822–1879), நல்லூரிலே பிறந்தவராயிருந்தும், அங்கு நிகழும் வழிபாட்டு முறை ஆகமத்தோடு இயையவில்லை என்று கண்டித்தவர். நாவலர் காட்டிய நெறி சைவத்துக்கு முதுகெலும்பு தந்தது. அதே வேளையில், வேலின் முன் உருகி நின்ற அடியவர் கூட்டமும் குறையவில்லை. சைவ நூல்கள் இறைவனை உருவம், அருவுருவம், அருவம் என மூவகையாய்ப் பேசும். சிவலிங்கம் அருவுருவம். முகமற்ற வேலையும் அந்த வரிசையில் வைத்து எண்ணினால், உருவத்துக்கும் அருவத்துக்கும் இடையே ஒரு படிக்கட்டு அங்கே இருப்பது புலனாகும். அப்படிக்கட்டின் அடியிலேதான், கோயிலுக்கு வெளியே, தேரடியிலே ஒரு பித்தர் அமர்ந்திருந்தார்.

தேரடியில்

அவர் செல்லப்பா சுவாமிகள். கந்தைத் துணியும் ஏச்சும் பேச்சுமாய்த் திரிந்த அவரை ஊரார் பலர் பைத்தியம் என்றே எண்ணினர். கடையிற்சுவாமிகளின் வழியில் வந்த ஞானி அவர் என்பதைச் சிலரே அறிந்தனர். குற்றமென்று ஒன்றில்லை, காரியம் என்றோ முடிந்துவிட்டது, நாம் அறிந்தது ஒன்றுமில்லை, உள்ளதெல்லாம் மெய்யே என்று பொருள்படும் நான்கு சிறு வாசகங்கள் அவர் வாயிலிருந்து பிறந்தன. அவற்றை மகாவாக்கியங்களாகவே அடியார்கள் போற்றுவர். அத்துவிதத்தின் உச்சி அது. அந்த உச்சியில் நின்றவர் தம் வாழ்நாளைக் கழித்த இடமோ முருகன் தேர் நிற்கும் கொட்டிலின் அடி.

அவரிடம் வந்தவர் யோகசுவாமிகள். 1872 இல் மாவிட்டபுரத்திலே பிறந்தவர். யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியிலே பயின்றவர். இரணைமடு நீர்ப்பாசன வேலைத்தலத்திலே பண்டகசாலைப் பொறுப்பில் இருந்தவர். நல்லூரிலே குருவை முதன்முதல் எதிர்ப்பட்டபோது, குரு அவரை நோக்கி அதட்டிக் கேட்டது அவர் யார் என்னும் வினாவையே என்று அடியார் மரபு கூறும். எத்தெய்வத்தை வழிபடுகிறாய் என்று குரு கேட்கவில்லை. வழிபடுகிறவன் எவன் என்றே கேட்டார். இட்டதெய்வத்தைத் தேடிப் புறப்பட்டவனைத் தன்னையே தேடும்படி திருப்பிவிடும் வினா அது.

அந்த வினாவுக்கு ஆட்பட்டவர் உத்தியோகத்தை விட்டார், கடுந்தவம் புரிந்தார், பின்னர் கொழும்புத்துறையில் இலுப்பை மரநிழலிலும், அதன்பின் ஒரு சிறு கொட்டிலிலும் தங்கினார். 1964 மார்ச்சில் சமாதியடையும் வரை அக்கொட்டிலை நாடிக் கற்றோரும் கல்லாதோரும், பிற சமயத்தாரும் வந்தவண்ணம் இருந்தனர். 1935 இல் தொடங்கிய ‘சிவதொண்டன்’ இதழ் அவர் நெறியைத் தாங்கி வந்தது. அவர் பாடல்களின் தொகுதியாகிய நற்சிந்தனையை எடுத்துப் புரட்டுவோர் ஓர் அற்புதத்தைக் காண்பர். ஒரு பாடலிலே நல்லூர் முருகனிடம் குழந்தைபோல் இரக்கின்றார். அடுத்ததிலே சிவனைப் புகழ்கின்றார். இன்னொன்றில் அன்னையை அழைக்கின்றார். வேறொன்றில் வழிபடுவோனும் இல்லை, வழிபடப்படுவதும் இல்லை என்னும் நிலையிலே நிற்கின்றார். இவற்றுக்கிடையே அவருக்கு எந்த இடறலும் இல்லை.

ஞானம் வந்ததும் தெய்வத்தைக் கைவிட வேண்டும் என்பது நம் இளைஞன் எதிர்பார்த்த விடை. ஏணியில் ஏறியவன் ஏணியைத் தள்ளிவிடுவான் என்று அவன் நினைக்கிறான். நல்லூர்ப் பரம்பரை அவ்வாறு நடக்கவில்லை. ஏறிய பின்னும் அவர்கள் ஏணியின் அடியிலேயே வந்து அமர்ந்தனர். ஏறவேண்டியோர் இன்னும் கீழே நிற்கிறார்கள் என்பது ஒரு காரணம். ஏணியும் அதே பொருளே என்று கண்டுகொண்டது மற்றொரு காரணம்.

பிற நாட்டுச் சான்றுகளும் இதனையே வலியுறுத்தும். தட்சிணேசுவரத்திலே இராமகிருட்டிணர், தோதாபுரி என்னும் துறவியிடம் அத்துவித உபதேசம் பெற முற்பட்டபோது, காளியின் திருவுருவைக் கடந்து அவர் மனம் செல்ல மறுத்தது. தோதாபுரி ஒரு கண்ணாடித் துண்டினால் புருவ நடுவை அழுத்தி, அங்கே மனத்தை நிறுத்தச் சொன்னார் என்று அவர் வரலாறு கூறுகின்றது. ஞானவாளால் அவ்வுருவைப் பிளந்து சமாதியில் ஆழ்ந்த இராமகிருட்டிணர், மீண்டு வந்ததும் அதே காளியிடமே திரும்பினார். அத்துவித சித்தி இயற்றிய மதுசூதன சரசுவதி கண்ணன் அடியவர். அத்துவித நூல்கள் பல யாத்த அப்பைய தீட்சிதர் சிவனிடம் தீராத பக்தி பூண்டவர். கூரிய அறிவு கொண்ட இவர்களுள் எவரும் தம் தெய்வத்தைச் சுமையென்று கருதவில்லை.

மயிலான அசுரன்

யாழ்ப்பாணத்தின் பண்பாட்டைக் ‘கந்தபுராண கலாசாரம்’ என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அழைத்தார். கோயில் மண்டபங்களிலே ஒருவர் பாட்டை இசையுடன் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லும் புராணபடனம் தலைமுறை தலைமுறையாய் நடந்து வந்தது. கந்தசட்டி ஆறு நாளும் உணவொழித்து, இளநீரும் பாலும் மட்டுமே அருந்தி, அக்கதையைக் கேட்டோர் எண்ணற்றோர். அவர்கள் கேட்ட கதையிலே நம் வினாவுக்கு நேரான விடை மறைந்திருக்கிறது.

போரின் இறுதியிலே முருகன் சூரபன்மனுக்குத் தன் பேருருவைக் காட்டுகின்றான். ஒரு கணம் அசுரன் உள்ளம் மாறுகின்றது, வணங்க விரும்புகின்றான். உருவம் மறைந்ததும் பழைய ஆணவம் மீளுகின்றது. மாமரமாய் நிற்கும் அவனை வேல் இரு கூறாக்க, ஒரு கூறு மயிலாகவும் மறுகூறு சேவலாகவும் வருகின்றது. மயில் ஊர்தியாகிறது, சேவல் கொடியாகிறது.

இரண்டற்ற நெறியை நாடுவோர் இங்கே நின்று எண்ண வேண்டும். பெருங்காட்சி கிட்டியும் சூரன் மாறவில்லை. ‘எல்லாம் ஒன்று’ என்று ஒரு கணம் தோன்றுவது அத்தகைய காட்சியே. அது மறைந்ததும் ‘நான்’ என்பது முன்போலத் தலை தூக்கும். அந்த ‘நான்’ பிளக்கப்பட்டு, தெய்வத்தின் காலடிக்கு வந்து, அதனைச் சுமக்கப் பழகவேண்டும். இட்டதெய்வம் செய்யும் வேலை இதுவே. உருவமற்ற ஒன்றை வணங்குகிறேன் என்பவன், பெரும்பாலும் தன் கருத்தையே வணங்குகிறான். அக்கருத்து அவனை ஒருபோதும் மறுத்துப் பேசாது. ஒரு மூர்த்தமோ வெள்ளிக்கிழமை வந்ததும் விரதம் கேட்கும். விடியலில் எழும்பச் சொல்லும். கோபத்தோடு வந்தவனைக் கைகூப்பச் செய்யும். வளையாத ஒன்று வளைவதற்கு எதிரிலே ஒன்று இருக்க வேண்டும்.

அருணகிரிநாதரும் இவ்வழியே சென்றவர். முருகனையே வாழ்வெல்லாம் பாடிய அவருக்கு அம்முருகன் செய்த உபதேசம், பேச்சற்றுச் சும்மா இருத்தல் என்பது கந்தரனுபூதி தரும் செய்தி. தெய்வத்தைப் பாடிப் பாடியே தெய்வமும் பாட்டும் அடங்கும் மௌனத்தை அவர் எய்தினார். அந்நூலின் இறுதியிலே, உருவாகவும் அருவாகவும் விளங்குபவனைக் குருவாக வரும்படி வேண்டுகின்றார். உருவம், அருவம், குரு ஆகிய மூன்றும் அங்கே ஒன்றில் வந்து முடிகின்றன.

பூட்டிய கதவும் தத்துவமும்

இவ்வளவும் கூறியபின், மறைக்கலாகாத ஒன்றையும் கூற வேண்டும். தெய்வத்தைத் தெரியும் உரிமை எல்லார்க்கும் உண்டென்று நூல்கள் கூறின. வீதியிலோ நிலைமை வேறாயிருந்தது. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்களுக்கு இப்பெருங் கோயில்களின் கதவுகள் நெடுங்காலம் அடைபட்டே கிடந்தன. நல்லூர்க் கோயில் 1956 இல் அவர்களுக்குத் திறந்தது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலிலே 1968 இல் ஆலயப் பிரவேசம் வேண்டி அவர்கள் போராட நேர்ந்தது. வாசலிலே எதிர்ப்பும் கைகலப்பும் மூண்டன. யோகசுவாமிகள் பிறந்த ஊரின் கோயில் அது. அவர் மறைந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன.

முருகனைத் தன் இட்டதெய்வமாக வரித்த ஒருவன், அம்முருகனைக் காணாமலே மதிலுக்கு வெளியே நின்று கும்பிட்டுப் போனான். அவன் வளவிலே ஒரு கல்லும் ஒரு சூலமும் தெய்வமாய் நின்று அவனை ஏற்றுக்கொண்டன. உள்ளே நின்றவர் எல்லாம் ஒன்று என்று ஓதினார். வெளியே நின்றவன் ஒன்றின் பிரிவைத் தோளிலே சுமந்தான். அவ்விருவருள் வழிபடு தெய்வத்தின் வழியிற்பட்டவன் எவன் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும். இட்டதெய்வக் கொள்கைக்கு உரைகல் ஒன்றே: என் தெய்வம் பிறன் முகத்திலும் எனக்குத் தெரிகிறதா? தெரியவில்லையானால், நான் தெரிந்துகொண்டது தெய்வத்தை அன்று; என் குலத்தின் பெருமையைத்தான் பீடத்திலே ஏற்றி வைத்திருக்கிறேன்.

பெயர்ந்தவர் தெய்வம்

காலம் வேறொரு சோதனையையும் கொண்டுவந்தது. 1990 முதல் வலிகாமத்தின் வடபகுதி உயர்பாதுகாப்பு வலயமானபோது, மாவிட்டபுரத்தையும் கீரிமலையையும் சூழ்ந்து வாழ்ந்த மக்கள் தம் கோயில்களைப் பிரிந்தனர். 1995 ஒக்தோபர் முடிவிலே வலிகாமமே இரவோடிரவாகப் பெயர்ந்தது. மூலத்தானத்தைத் தூக்கிக்கொண்டு போக எவராலும் இயலாது. எடுத்துச் செல்ல முடிந்தது மனத்தில் பதிந்த திருவுருவும், நாவில் பதிந்த மந்திரமும் மாத்திரமே. பின்னர்க் கடல் கடந்து சென்றோர், தாம் சென்ற நாடுகளில் எல்லாம் கோயில்கள் எழுப்பினர். செருமனியின் ஹாம் நகரிலே காமாட்சி அம்பாளுக்கு 2002 இல் கோபுரத்தோடு கூடிய பெருங்கோயில் எழுந்தது.

அங்கே வளரும் பிள்ளைகளுக்கு ஊர்த்தெய்வம் இல்லை. ஒழுங்கை மூலையில் வைரவரும் இல்லை. அவர்கள்தாம் உண்மையிலேயே தெரிவு செய்ய வேண்டியவர்கள். முன்னோர்க்குப் பிறப்பே தந்த ஒன்றை இவர்கள் அறிந்து ஏற்க வேண்டும். அவர்கள் கேட்கும் ‘எந்தத் தெய்வம்?’ என்னும் வினாவை அலட்சியம் செய்தல் தகாது. ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்லித் தட்டிக்கழிப்பதும் விடையாகாது. அச்சொல் முடிவிலே நிற்பவர் சொல்ல வேண்டியது. தொடங்குபவனுக்கு அது கைகொடுக்காது.

அவர்களுக்கு நம் பெரியோர் வாழ்ந்து காட்டிய நெறியிலிருந்து சில சொல்லலாம். வீட்டிலே முன்னரே விளக்கெரியும் தெய்வத்திடமிருந்து தொடங்குக. எந்த நாமத்தைச் சொல்லும்போது நெஞ்சு தானாக இளகுகிறதோ அதனைக் குறித்துக்கொள்க. ஆசான் ஒருவர் வாய்த்தால் அவர் சொல்லை ஏற்றுக்கொள்க. தெரிந்த பின் அடிக்கடி மாற்றாதிருக்க. பத்து இடத்தில் ஒவ்வொரு முழம் தோண்டுபவனுக்குக் கிணறு கிடைப்பதில்லை என்பது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் அனைவரும் அறிந்தது. நம் மண்ணிலே வற்றாத ஆறில்லை. நிலத்தடி நீரே வாழ்வு. எந்த வளவில் தோண்டினாலும், சுண்ணாம்புக் கல்லைத் துளைத்து ஆழம் சென்றவனுக்குக் கிட்டுவது அந்த நீரே. அயல் வளவுக் கிணற்றை அசுத்தம் செய்தால் தன் கிணறும் கெடும் என்பதையும் அவன் அறிவான்.

விருப்பத்தாலே ஒரு தெய்வத்தை நாடுகின்றோம். நாளடைவில் அத்தெய்வத்தின் வழியிலே நாம் படுகின்றோம். வழியிற்பட்டவன் மெல்ல மெல்லத் தேய்கிறான். அவன் தேய்ந்து முடிந்த இடத்திலே எஞ்சி நிற்பதற்கு முருகன் என்று பெயரிடலாம், சிவம் என்று பெயரிடலாம், பெயரிடாமலும் இருக்கலாம். அதுவரைக்கும் ஒரு பெயர் வேண்டும். அப்பெயரை நாள்தோறும், காலந்தவறாமல், பிறர் நாவிலுள்ள பெயரைப் பழியாமல் சொல்லிவருவதே இரண்டற்ற நெறிக்கு நம்மால் இயன்ற முதற்படி.